சூரனை ஆடுவோர்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் அசுரவதை ஆடலின் வரலாறு

அரக்கரைத் தேடிச் சென்று பொருதும் வீரனொருவனின் பாத்திரத்தை ஏற்று, எல்லை வகுக்கப்படாத ஒரு கற்பனை நாட்டிலே விரும்பிய திசையிற் சென்று ஆடும் கணினி விளையாட்டு இக்கால இளைஞரின் பொழுதுபோக்குகளுள் முக்கியமான ஒன்றாகிவிட்டது. மலையும் காடும் சேற்றுநிலமும் சிற்றூரும் விரிந்து கிடக்கும் அந்நாட்டிலே, ஊர்ச்சந்தியில் உள்ள அறிவிப்புப் பலகையை வாசித்து, ஊரவரை வருத்துவது எப்பூதம் என விசாரித்து, அதற்கேற்ற வாளையும் மருந்தையும் தேர்ந்துகொண்டு புறப்படுகிறான் ஆடுபவன். யாழ்ப்பாணத்து இளைஞருக்கும் இவ்விளையாட்டு இன்று எட்டாத ஒன்றன்று. இதனை முற்றிலும் அந்நியமான ஒரு பழக்கமாகக் கண்டு மூத்தோர் கவலையுறுவதும், முற்றிலும் புதியதோர் அனுபவமாகக் கண்டு இளையோர் வியப்பதும் இயல்பே. ஆயின் வரலாற்று நோக்கில் இவ்விரு கருத்துகளும் ஆராயத்தக்கவை. அசுரனை உருவாக்கி, அவனோடு பொருது, அவன் முடிவைக் காணும் ஆடல் குடாநாட்டின் கோயில் வீதிகளிலே பன்னெடுங்காலமாக நிகழ்ந்துவருவது. அவ்வாடலில் யார் எப்பாத்திரத்தை ஏற்றனர், யார் ஏற்க அனுமதிக்கப்படவில்லை, அசுரன் எனப்பட்டவன் யார் என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை அளித்துள்ளது. அவ்விடைகளை வரன்முறையாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறவுலகின் செய்தி

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் நவீன வரலாறு 1974 ஆம் ஆண்டில் தொடங்குகிறது எனலாம். அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு அவ்வாண்டிலேயே வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ஒருவர் கதையை நடத்திச்செல்ல, தாயக்கட்டையை உருட்டி அரக்கரோடு பொருதினர். யாழ்ப்பாண வளாகம் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக நிறுவப்பெற்றதும் அதே 1974 ஆம் ஆண்டிலேயே. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் கதையைச் சொல்பவரும் கேட்பவரும் கூடியிருந்து அரக்கப் போரை நடத்துதல் மேலைத்தேயத்தில் ஒரு புத்தாக்கமாகப் போற்றப்பட்ட அக்காலத்தில், யாழ்ப்பாணத்துக் கோயில் மண்டபங்களிலே ஒருவர் பாட்டைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லச் சூரபன்மன் கதை பல தலைமுறைகளாகக் கேட்கப்பட்டு வந்தமை நினைவுகூரத்தக்கது.

மேசை விளையாட்டிலிருந்து கணினி விளையாட்டுக் கிளைத்தது. ஜப்பானின் கப்கொம் நிறுவனம் 2004 இல் 'மொன்ஸ்டர் ஹண்டர்' என்னும் வேட்டை விளையாட்டை வெளியிட்டது. போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2007 இலும் 2011 இலும் 2015 இலும் வெளியிட்ட 'விட்சர்' விளையாட்டுகள் மூன்றும் இத்துறையில் பெரும்புகழ் பெற்றன. அவற்றுக்கு மூலமாயமைந்தவை அந்திரேய் சப்கோவ்ஸ்கி என்னும் போலந்து எழுத்தாளரின் கதைகள். அவற்றுள் முதலாவது 1986 இல் அந்நாட்டுச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. சாபத்தாற் பூதமாகிப்போன அரசகுமாரி ஒருத்தியை, கூலிக்கு வந்த வேட்டைக்காரன் கொல்லாது, சேவல் மூன்றாம் முறை கூவும்வரை அவளுடைய பேழைக்குத் திரும்பவிடாது தடுத்து, மீண்டும் மானிடப் பெண்ணாக்குகிறான் என்பதே அக்கதையின் சாரம். சிலாவிய நாட்டுப்புற மக்கள் வயல்வெளியிலும் காட்டிலும் நீர்நிலையிலும் கண்டு அஞ்சிய பேய்களே அக்கதைகளிலும் விளையாட்டுகளிலும் உலா வருகின்றன. கொல்வதா, சாபம் நீக்குவதா, விட்டுவிடுவதா என்னும் தெரிவு பல இடங்களில் ஆடுபவனிடமே விடப்படுகிறது. இச்செய்தியை மனங்கொண்டு குடாநாட்டுக்குத் திரும்புவோம்.

விலங்குமுகம் கொண்ட முன்னோர்

யாழ்ப்பாணத்தின் தோற்றக் கதைகளைத் தொகுத்துரைக்கும் யாழ்ப்பாண வைபவமாலை, ஒல்லாந்தர் ஆட்சியின்போது மயில்வாகனப் புலவரால் இயற்றப்பட்டது. வரலாற்று ஆசிரியர் இந்நூலின் தொன்மைச் செய்திகளை அப்படியே ஏற்பதில்லை. எனினும், 18 ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தவர் தம் தொடக்கத்தை எவ்வாறு கற்பனை செய்தனர் என்பதை அறிவதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

அந்நூல் கூறும் கதையின்படி, சோழ அரசன் மகளாகிய மாருதப்புரவீகவல்லி குன்மநோயாலும் குதிரைமுகத்தாலும் வருந்தினாள். கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் நீராடி விமோசனம் பெற்ற கீரிமலைத் தீர்த்தத்திலே அவளும் நீராடி நோய் நீங்கப்பெற்றாள். குதிரைமுகம் மாறிய இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. அங்கே அவள் முருகனுக்குக் கோயில் எடுப்பித்தாள். அவளை மணந்த உக்கிரசிங்கனோ சிங்கமுகம் உடையவன்.

கீரிமுக முனிவரும் குதிரைமுக மங்கையும் சிங்கமுக மன்னனும் சேர்ந்தே யாழ்ப்பாணத்தின் கதை தொடங்குகிறது. வேறொரு நாட்டுக் கதையிலாயின் இம்மூவரும் வீரனொருவனின் வாளுக்கு இரையாகியிருத்தல் கூடும். இங்கே முதலிருவரும் நீராடித் திருந்துகின்றனர். மூன்றாமவன் சிங்கமுகத்தோடேயே மணமகன் ஆகிறான், அரச குலத்துக்கு முதல்வனாகிறான். விகார வடிவம் வேட்டைக்குரியதன்று, விமோசனத்துக்குரியது என்னும் எண்ணம் இக்கதையின் அடியாதாரமாக அமைந்துள்ளது. சாபம் நீங்கிய போலந்து அரசகுமாரியின் கதையோடு மாவிட்டபுரத்து அரசகுமாரியின் கதையை ஒப்புநோக்குமிடத்து, ஒன்றையொன்று அறியாத இரு சமூகங்கள் ஒரே வினாவுக்கு ஒத்த விடையைக் கண்டமை புலனாகும்.

கந்தபுராணமும் பயன்சொல்லும் மரபும்

அசுரவதை ஆடலுக்கு நூலாதாரமாய் நிற்பது காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணமாகும். உற்பத்தி காண்டம் முதலாகத் தக்ஷ காண்டம் ஈறாக ஆறு காண்டங்களையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களையும் கொண்ட பெருநூல் அது. தமிழகத்திலே தோன்றியதாயினும், இந்நூல் யாழ்ப்பாணத்திலே பெற்ற செல்வாக்குத் தனித்துவமானது. ஆறுமுக நாவலரும் (1822–1879) அவர் வழிவந்தோரும் இந்நூலைப் பரப்பினர். கோயில் தோறும் நிகழ்ந்த புராணபடனம் எழுத்தறியாதோரையும் இந்நூலோடு பிணைத்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) யாழ்ப்பாண வாழ்க்கை முறையைக் 'கந்தபுராண கலாசாரம்' என்றே பெயரிட்டு வழங்கினார்.

இந்நூலின் நிலவியல் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சூரபன்மனின் தலைநகராகிய வீரமகேந்திரம் தென்கடலிலே உள்ளதாகப் பாடப்பட்டுள்ளது. தூது சென்ற வீரவாகுதேவர் கடலைப் பாய்ந்து, இலங்கையிலே அசுரக் காவலரோடு பொருதே மகேந்திரத்துக்குச் செல்கிறார். அதாவது, கந்தபுராணத்தின் நிலப்படத்தில் இலங்கை அசுரரின் காவல் எல்லைக்கு உட்பட்ட பகுதியாகும். அந்நிலத்திலே வாழ்ந்துகொண்டே முருகனின் பக்கம் நின்று அக்கதையைக் கேட்டவர் யாழ்ப்பாணத்தவர். தாம் நிற்கும் மண்ணே அசுரர் மண்ணாகவும் பாடப்பட்டுள்ளது என்பதை அவர்கள் ஒரு முரண்பாடாகக் கொண்டதாகத் தெரியவில்லை. அசுரன் அயலூரான் அல்லன், அவன் இங்கேயே இருப்பவன் என்னும் உணர்வுக்கு இதுவும் ஓர் ஏதுவாயிற்றெனக் கருத இடமுண்டு.

வீதி உருவான வரலாறு

நூலும் படனமும் இருந்தமையால் மட்டும் ஆடல் உருவாகிவிடாது. ஆடுதற்கு ஒரு வெளி வேண்டும். குடாநாட்டில் அவ்வெளி கோயில் வீதியாகும். ஆனால் அவ்வீதி எக்காலமும் திறந்திருந்ததன்று. யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், தளபதி பிலிப் டி ஒலிவெய்ராவின் கட்டளைப்படி 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். குடாநாட்டின் ஏனைய பெருங்கோயில்களும் அழிவெய்தின. 1658 இல் ஆட்சிக்கு வந்த ஒல்லாந்தரும் தொடக்கத்தில் சைவ வழிபாட்டைத் தடுத்தனர். விக்கிரகங்கள் கிணற்றிலும் மண்ணிலும் மறைக்கப்பட்ட செய்திகள் பல ஊர்களில் வழங்குகின்றன. வழிபாடே மறைவாக நிகழ்ந்த காலத்தில் சூரனை நாற்றிசையும் ஓடவிட்டு ஆடும் பெருவிழா நிகழ்ந்திருத்தல் இயலாது.

ஒல்லாந்தரின் பிடி தளர்ந்த 18 ஆம் நூற்றாண்டிலேதான் கோயில்கள் மீண்டும் எழுந்தன. இன்றைய நல்லூர்க் கோயில் 1734 அளவில் எழுப்பப்பட்டதெனக் கொள்வர். 1796 இல் தொடங்கிய ஆங்கிலேயர் ஆட்சியில் வழிபாட்டுச் சுதந்திரம் விரிந்தது. 19 ஆம் நூற்றாண்டிலே புகையிலை முதலிய வணிகத்தாலும் உத்தியோகத்தாலும் திரண்ட செல்வம் கோயிற் கட்டடங்களாகவும் வாகனங்களாகவும் வீதி விழாக்களாகவும் வடிவுற்றது. எனவே இன்று காணும் வடிவிலான வீதிச் சூரன்போர், தொன்மையான ஒரு கதையை அடித்தளமாகக் கொண்டு, அந்நிய அடக்குமுறையின் பின்னர் மீண்டும் கையகப்படுத்தப்பட்ட வெளியிலே வளர்ந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். இழந்த வீதியை மீளப்பெற்ற ஒரு சமூகம் அவ்வீதியிலே வெற்றிக் கதையொன்றை ஆடிக் காட்டியது இயல்பே.

ஆடலின் அமைப்பு

குடாநாட்டில் அசுரவதை பல வடிவங்களில் நிகழ்கின்றது. விசயதசமியன்று மானம்பூத் திருவிழாவிலே வாழைமரம் மகிடாசுரனாகப் பாவிக்கப்பட்டு வெட்டப்படும். பொதுமக்கள் இதனை 'வாழைவெட்டு' என்பர். மார்கழியில் நிறைவெய்தும் பிள்ளையார் பெருங்கதை விரதத்தையொட்டிப் பிள்ளையார் கோயில்களில் கயமுகாசுர சங்காரம் நிகழும். மகோற்சவக் காலத்தில் இறைவன் குதிரை வாகனத்தில் எழுந்தருளும் வேட்டைத் திருவிழாவும் உண்டு. இவையனைத்தினும் மக்கள் பெருந்திரளாகக் கூடுவது ஐப்பசியில் அமாவாசையை அடுத்துவரும் கந்தசட்டியின் ஆறாம் நாட் சூரன்போருக்கே.

மரத்தினாற் செய்யப்பட்ட சூரனின் பெருவடிவம், கையில் வாளும் கேடயமும் தாங்கித் தண்டுகளின்மேல் நிறுத்தப்பட்டிருக்கும். ஊர் இளைஞர் அதனைத் தோளிற் சுமந்து, முன்னே பாய்ந்தும் பின்னே சாய்ந்தும், சுழன்றும் நிமிர்ந்தும், பறையும் தவிலும் முழங்க வீதியெங்கும் ஓடுவர். முதலில் யானைமுகத் தாரகன்; அவன் தலை அகற்றப்பட்டதும் சிங்கமுகன்; பின்னர் சூரபன்மன். ஒரே உடலுக்குத் தலைகள் மாற்றப்படுகின்றன. இறுதியில் மாமரக் கொம்போடு சூரன் தோன்ற, வேல் வந்து தீண்டும். அவன் சேவலும் மயிலுமாகிறான். ஆறு நாளும் மிளகும் நீரும் மட்டும் கொண்டு நோற்றவர்கள் வீதியோரத்தில் நின்று இதனைக் கண்டு, மறுநாட் காலையிற் பாறணை செய்வர்.

இவ்வாடலின் அமைப்பிலே கூர்ந்து நோக்கத்தக்க ஒன்றுண்டு. முருகன் பெரும்பாலும் நிற்கிறான், சூரனே ஓடுகிறான். முருகனின் செயல் குருக்கள் கையிலேந்திச் செல்லும் வேலின் செயலாகச் சுருங்குகிறது. வியர்வையும் மூச்சும் கூச்சலும் பயிற்சியும் போட்டியும் அனைத்தும் சூரனுக்குரியவை. அயலூர்ச் சூரனைவிடத் தம்மூர்ச் சூரன் நன்றாக ஆடினான் என்று இளைஞர் பெருமை கொள்வர். கணினி விளையாட்டில் ஆடுபவன் வேட்டைக்காரன். அரக்கனை ஆட்டுவது இயந்திரம். குடாநாட்டு வீதியிலோ ஆடுபவன் அரக்கன், வேட்டைக்காரன் தெய்வம். தோற்கப்போவது நிச்சயமெனத் தெரிந்தும், தோற்கும் பாத்திரத்தையே முழுமனத்தோடு ஏற்று ஆடும் இம்முறை ஆழ்ந்த பொருளுடையது. பண்டிதமணி முதலியோர் வழிநின்ற சைவ விளக்கம் சூரனை ஆணவ மலத்தின் உருவாகக் கொள்கிறது. ஆணவம் புறத்தேயுள்ள பகையன்று; ஒவ்வோர் உயிரோடும் உடனிருப்பது. அங்ஙனமாயின் அதனைச் சுமந்து ஆட வேண்டியவரும் மானிடரே. அது முற்றாக அழிக்கப்படாது கொடியும் வாகனமுமாக மாற்றப்படுதல் அவ்விளக்கத்துக்கு முற்றும் ஏற்புடையதாகும்.

அடைத்த கதவும் புதிய சங்காரமும்

தத்துவம் இவ்வாறிருக்க, சமூக நடைமுறை வேறாக இருந்தது. வீதியிலே சூரனின் போரைக் காண வந்த அனைவரும் கோயிலின் உள்ளே செல்ல உரிமை பெற்றிருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் எனப்பட்டோர் பல கோயில்களில் வெளிவீதியோடு நிறுத்தப்பட்டனர். 1957 இல் இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அசுரத் தன்மை பொருந்திய குதிரைமுகத்தோடு வந்த மங்கையை ஏற்றுக்கொண்டதாகப் புகழ்பெற்ற அதே தலத்தில், மனிதமுகத்தோடு வந்த மனிதர் தடுக்கப்பட்டனர் என்பது குடாநாட்டு வரலாற்றின் கசப்பான முரண்பாடாகும்.

இம்முரண்பாட்டைக் கலைஞர்கள் உணர்ந்தனர். எழுத்தாளர் என். கே. ரகுநாதன் அப்போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு 'கந்தன் கருணை' நாடகத்தை எழுதினார். அம்பலத்தாடிகள் அதனைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஊர்தோறும் ஆடினர். முருகனே ஒடுக்கப்பட்டோரின் பக்கம் சேர்வதாக அமைந்த அந்நாடகத்தில், வேல் யார் கைக்குரியது என்னும் வினா வெளிப்படையாக எழுப்பப்பட்டது. 1960களின் இறுதியில் சி. மௌனகுரு வடமோடிக் கூத்து முறையில் ஆக்கிய 'சங்காரம்' இன்னும் ஒருபடி மேற்சென்றது. சாதி, வர்க்கம் முதலிய சமூகக் கொடுமைகளே அங்கு அரக்கர்கள். அவர்களைச் சங்கரிப்போர் உழைக்கும் மக்கள். அதே தசாப்தத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் (1924–1989) பேராதனையில் நெறிப்படுத்திய 'இராவணேசன்' அரக்கர் வேந்தனையே அவல நாயகனாக்கிக் காட்டியது. இராவணனாக ஆடியவரும் மௌனகுருவே. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராகப் பொறுப்பேற்ற வித்தியானந்தன், மட்டக்களப்பு முதலிய இடங்களின் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தவர் என்பது யாவரும் அறிந்ததே.

இம்மூன்று நாடகங்களும் மரபை ஒதுக்கி எழுந்தவையல்ல. மரபின் மொழியிலேயே மரபோடு வாதிட்டவை. அசுரன் யார் என்பதை முன்னோர் வகுத்தபடியே ஏற்காது, ஆடுவோரும் காண்போரும் தாமே ஆராய்ந்து துணிய வேண்டும் என்பதை அவை வலியுறுத்தின. கணினி விளையாட்டிலே தெரிவுச் சுதந்திரம் எனப் போற்றப்படுவதன் சமூக வடிவம் குடாநாட்டு அரங்கிலே அக்காலத்திலேயே தோன்றிவிட்டது.

போர்க்காலம்

வீதி மீண்டும் ஒருமுறை மக்கள் கையிலிருந்து நழுவியது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர, மாவிட்டபுரமும் கீரிமலையும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. அவ்வாண்டு முதல் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. உலர் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. பிறநாட்டு இளைஞர் கணினித் திரையில் அரக்கரை வேட்டையாடத் தொடங்கிய அத்தசாப்தத்தில், யாழ்ப்பாணத்து இளைஞருக்கு அத்திரை கனவிலும் எட்டாததாயிற்று.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி அமாவாசை, சூரியகிரகணத்தோடு ஒக்டோபர் 24 ஆந் திகதி வந்தது. அதனையடுத்துத் தொடங்கிய கந்தசட்டி நோன்பு நிறைவெய்தும் நாள்களை அண்டியே, ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். சூரன் ஓடவேண்டிய வீதிகளை விட்டு ஊரே ஓடிற்று. அடுத்த ஆண்டு பலர் திரும்பினர், திரும்பாதோரும் பலர். அவர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கோயில் அமைத்து அங்கும் சூரனை ஆடினர்.

போர் எங்கு நிகழினும் எதிரியை அசுரனாகக் காட்டும் மொழி வளரும். மானிடன் ஒருவனை அசுரன் என அழைத்தபின் அவனைக் கொல்வது எளிதாகிவிடும். குடாநாடும் இலங்கை முழுவதும் இதற்கு விலக்கல்ல. வீதிச் சூரன் சேவலும் மயிலுமாகி உயிர்பெற்றெழுவான். போரில் வீழ்ந்தவர் எவரும் எழவில்லை. ஆடலுக்கும் அழிவுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை 2009 வரை நீடித்த அக்காலத்தை அறிந்தோரினும் தெளிவாக உணர்ந்தவர் இரார்.

திரையும் வீதியும்

இப்பின்னணியில் இன்றைய கணினி விளையாட்டை மதிப்பிடுவது பயனுடையது. அரக்கனை எதிர்கொள்ளுதல், ஆயுதத்தைத் தேர்தல், கதையின் முடிவைக் காணுதல் ஆகியவற்றில் அது பழைய ஆடலோடு ஒத்துள்ளது. ஆயின் மூன்று வேறுபாடுகள் அடிப்படையானவை. முதலாவது, திரைமுன் பெரும்பாலும் ஒருவன் தனித்திருந்து ஆடுகிறான்; சூரனைத் தனியொருவன் ஆட முடியாது. தண்டைச் சுமக்கும் தோள்கள் ஒரே சமயத்தில் ஏறியிறங்க வேண்டும். இரண்டாவது, திரையில் தோற்றவன் மீண்டும் தொடங்கி வெல்லும்வரை ஆடலாம். வீதியில் தோல்வியே ஆடலின் நிறைவு. மூன்றாவது, விளையாட்டின் உலகை வேறொருவர் வரைந்து விற்கிறார். வீதியின் உலகு ஆடுவோரின் சொந்த ஊர். முதலிரண்டும் தன்மை வேறுபாடுகள். அவற்றாலேயே ஒன்று மற்றொன்றிலும் தாழ்ந்தது எனல் பொருந்தாது. தமக்குரிய முடிவைத் தாமே தெரிவு செய்து அதன் பயனையும் தாமே அனுபவிக்கும் வாய்ப்பை விளையாட்டு அளிக்கிறது. மரபு ஆடலில் அவ்வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டவில்லை என்பதை 1968 காட்டியது.

மூன்றாவது வேறுபாடே சிந்தனைக்குரியது. போலந்து எழுத்தாளரும் அந்நாட்டுக் கலைஞரும் தம் கிராமத்துப் பேய்களைப் பொருட்படுத்தியமையாலேயே அவை உலகெங்கும் அறியப்பட்டன. இந்தியாவின் பூனா நகரத்து நிறுவனமொன்று 2020 இல் வெளியிட்ட 'ராஜி' என்னும் விளையாட்டில் ஒரு சிறுமி அசுரரோடு பொருதுகிறாள். யாழ்ப்பாணத்திலோ புளியமரத்து முனியையும் பிள்ளைப்பேற்றோடு தொடர்புறுத்தி அஞ்சப்பட்ட கொத்தியையும் அறிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. சூரனைச் செதுக்கும் தச்சரின் அளவுகள், தலைமாற்றும் முறை, ஊருக்கு ஊர் வேறுபடும் ஆட்டக் கதி, பறையின் அடிகள் ஆகியவை பெரும்பாலும் எழுத்திலும் படத்திலும் முறையாகப் பதிவுபெறாதவை. 1981 இல் பொது நூலகம் எரியுண்டபோது ஏடுகள் அழிந்தன. ஏட்டிலேறாத அறிவு எரிக்கப்படாமலே அழியக்கூடியது.

பறையடிப்போரின் கலை இல்லாது சூரன் ஒரு அடியும் எடுத்து வையான். அப்பறையடித்தோரே நெடுங்காலம் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுட் சேர்ந்தவர். ஆகவே இம்மரபைப் பதிவுசெய்ய முனைவோர் வேலின் வரலாற்றோடு பறையின் வரலாற்றையும், கருவறையின் வரலாற்றோடு வெளிவீதியின் வரலாற்றையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். இல்லையேல் பதிவு அரைகுறையாகவே முடியும்.

அசுரனை ஆக்கும் ஆற்றல் எல்லாச் சமூகங்களுக்கும் உண்டு. அவனைத் தன்னுள் ஒருவனாகக் கண்டு, தன் தோளிலே சுமந்து ஆடி, இறுதியிற் கொடியும் வாகனமுமாக ஏற்றுக்கொள்ளும் மரபு எல்லார்க்கும் வாய்த்ததன்று. குதிரைமுக அரசியையும் சிங்கமுக அரசனையும் முன்னோராகக் கொண்ட ஒரு நிலத்துக்கு அம்மரபு கதையளவிலே வாய்த்தது. அதனை வாழ்வளவிலும் உண்மையாக்கும் பணி இன்னும் நிறைவுறவில்லை.